முழங்கை உயரம்

நவம்பர் இரண்டாம் வாரம், படையின் நினைவு நாளுக்கான ஒத்திகையில், ஹவல்தார் இராஜமாணிக்கத்தின் கையிலிருந்து புகிள் கீழே விழுந்தது.

எட்டுப் பேர் ஒரே வரிசையில் நின்று ஊதிக்கொண்டிருந்தார்கள். உயிர்விட்ட வீரர்களுக்காக ஊதுகிற லாஸ்ட் போஸ்ட். நீண்ட சுரத்தில் எட்டுக் குரல் ஏழாகக் குறைந்தது. அடுத்த நொடி சிமெண்ட் தரையில் செம்பு மோதி உருளும் சத்தம். டெல்லியின் புகையும் பனியும் கலந்து மைதானம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கொடிமரத்தின் பாதிக்கு மேல் தெரியவில்லை. ஆனால் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

பேண்ட் மாஸ்டர் நேகி வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். கார்வால் மலைக்காரர். கையிலிருந்த பிரம்பால் புகிளைச் சுட்டிக் காட்டி, "உட்டாவ்" என்றார்.

இராஜமாணிக்கம் குனிந்து வலது கையாலேயே எடுத்தார். சிரமமில்லாமல் எடுத்தார். விழவிட்ட கையாலேயே எடுத்தான், நாங்கள் பார்த்தோம் என்று பிறகு எல்லாரும் சொன்னது அதைத்தான்.

அவர்கள் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இருந்தது. பத்து நாளைக்கு முன்புதான் பட்டாலியனுக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி நக்சல்கள் நடமாடும் சத்தீஸ்கர் காட்டுக்குக் கிளம்ப வேண்டும். ஊதுகிற எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் தலைமையகச் சடங்குகளுக்காக டெல்லியில் தங்குவார். யார் என்று நேகி இன்னும் சொல்லவில்லை. இந்தச் சமயத்தில் ஒருவனுக்குத் தலைவலி வந்தால்கூட நூறு பேர் அவன் தலையைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்தவர் பூட்ஸைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். சரோஜினி நகருக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டிய குவார்ட்டர்ஸில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒன்றரை அறையில் பாதியை லீலாவதியின் கிரைண்டரும் மாவு வாளிகளும் அடைத்துக்கொண்டிருந்தன. குவார்ட்டர்ஸில் பாதி வீடுகளுக்கு இட்லி மாவு அவள் கையால்தான். ஹரியானாக்காரப் பெண்கள்கூட ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள்.

"கை மரத்துப் போச்சு" என்றார்.

லீலாவதி குழவியைச் சுற்றிய உளுந்து மாவை வழித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வரை வெள்ளை. "எந்தக் கை?"

"சோத்துக் கைதான். சுண்டு வெரலும் மோதர வெரலும். எறும்பு ஊருத மாதிரி இருந்துச்சு. பொறவு வெரலே இல்லாத மாதிரி ஆயிட்டு."

"இப்ப?"

"இப்ப சரியாத்தான் இருக்கு."

"அதெப்படி? ஊதும்போது போவுமாம், ஊதி முடிச்சா வந்துருமாம்."

"எனக்கு என்னட்டி தெரியும்? நான் என்ன டாக்டரா?"

அவள் மாவு வாளியைப் பழைய கம்பளியில் சுற்றி, அதன்மேல் ரஜாயைப் போர்த்தினாள். டெல்லிக் குளிரில் மாவு புளிக்க வேண்டுமென்றால் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். கை அந்த வேலையைச் செய்தாலும் மனது வேறிடத்தில் இருந்தது. உத்தரவு வந்த அன்று மாலை, பால்கனியில் நின்று அவர் யாரிடமோ ஃபோனில் பேசியதைத் துணி காயப்போடும்போது கேட்டிருந்தாள். "மெடிக்கல்ல விழுந்துட்டா போதும்வே, ஒரு பய அசைக்க முடியாது" என்று சொல்லிச் சிரித்திருந்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குள் கிடந்தது. நடிக்கிறார் என்றே நினைத்தாள். நினைத்தபோது ஒரு நிம்மதியும் வந்தது. மகள் மதுமதிக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை மார்ச்சில். அவர் காட்டுக்குப் போய், ஒவ்வொரு நாளும் டிவியில் கீழே ஓடுகிற செய்தியைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, நடித்தாவது இங்கேயே இருக்கட்டும். ஆனால் தன்னிடம்கூட ஏன் நடிக்க வேண்டும்? அந்த இடத்தில்தான் அவளுக்கு வலித்தது.

மறுநாள் காலையில் காப்பியை விளிம்பு வரை ஊற்றி, கொதிக்கக் கொதிக்க அவருடைய வலது கைக்கு நேராக நீட்டினாள். அவர் டம்ளரை ஒரு கணம் பார்த்துவிட்டு இடது கையால் வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த இரண்டு நாளும் அப்படியே.

நடிப்பதில் கவனமாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

பட்டாலியன் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கையை மேசைமேல் நீட்டி வைக்கச் சொன்னார். விரல்களை மடக்கச் சொன்னார், விரிக்கச் சொன்னார், தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இறுக்கிப் பிடித்ததில் டாக்டரே முகத்தைச் சுளித்தார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. சீட்டில் 'ஃபிட்' என்று எழுதிக் கொடுத்தார். "சத்தீஸ்கரில் காற்று சுத்தமாக இருக்கும், எல்லாம் சரியாகிவிடும்" என்று இந்தியில் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரமே சிலிண்டர் வந்தது. கொண்டுவந்த பையா மாடி ஏறமாட்டேன் என்று கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். அடுப்பில் மாவுக்காரர்களுக்கான சாம்பார் பாதி கொதித்து நின்றது. இராஜமாணிக்கம் இறங்கிப் போய், சிலிண்டரை வலது கையால் தூக்கித் தோளில் வைத்து, மூன்று மாடியும் நிற்காமல் ஏறிவந்தார். மதுமதி அதை மேலே நின்று ஃபோனில் வீடியோ எடுத்தாள். பின்னால் ஒரு பாட்டைச் சேர்த்து, "மை பாப்பா, நாற்பத்தாறு வயசு" என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து நேகி அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் இருந்த ஃபோனில் இராஜமாணிக்கம் சிலிண்டரோடு படியேறிக்கொண்டிருந்தார்.

"முப்பது கிலோ வருமா?" என்று இந்தியில் கேட்டார் நேகி. குரல் உயரவில்லை. "என் புகிள் ஒரு கிலோகூட இல்லை. இருபத்துநான்கு வருஷமாக உன்னை எனக்குத் தெரியும். வேறு யாராவது இந்த நாடகத்தை ஆடியிருந்தால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்."

"சாஹிப், சிலிண்டர் தூக்கினா ஒண்ணும் ஆகல. புகிள் பிடிச்சாத்தான்..."

"போதும்" என்றார் நேகி. "நினைவு நாளன்று நீ ஊதுவாய். புகிள் விழுந்தால் சார்ஜ் ஷீட். மெடிக்கல் போர்டு உன்னைப் பார்க்கும். நடிப்பு என்று எழுதினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்து அவர் போட்ட கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

"எவ எடுக்கச் சொன்னது அந்தப் படத்த?"

மதுமதி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாள். "நான்தான்ப்பா. சும்மா... ஃபன்னுக்கு. என் ஃப்ரெண்ட்ஸ் மட்டும்தான் பாப்பாங்க. யாரு நேகி அங்கிளுக்கு ஃபார்வர்ட் பண்ணாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அவர் லீலாவதியின் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியோ?"

"நான் எதுக்குச் சொல்லுதேன்?"

"என்னைக் கவனிச்சுக்கிட்டேல்லா இருக்க, ஒரு வாரமா."

"கவனிக்காம? பொண்டாட்டி கவனிக்காம தெருவுல போறவளா கவனிப்பா?" அவளுக்கும் சூடு ஏறியது. "சிலிண்டரத் தூக்குதிய. கிரைண்டர் கல்லத் தூக்கி வைக்கிய. அந்தத் தம்மாத்துண்டு கொழலப் பிடிக்க முடியலன்னா எவன் நம்புவான்?"

"அப்ப நீயும் நம்பல."

அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்து தீயை அணைத்தது. லீலாவதி அதைத் துடைக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் அந்த வீட்டில் சாப்பாடு மட்டும்தான் பேசியது. தட்டு வைக்கும் சத்தம், எடுக்கும் சத்தம். மதுமதி மட்டும் இருவருக்கும் நடுவில், "அம்மா, அப்பா ரசம் கேக்கறார்" என்று தபால் கொண்டுபோனாள்.

இராஜமாணிக்கம் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு துணிப்பையோடு வெளியே போய், நாலரைக்குத் திரும்பினார். எங்கே என்று சொல்லவில்லை. காசு கொடுத்தால் என்ன சீட்டு வேண்டுமானாலும் எழுதித் தருகிற கம்பவுண்டர் ஒருவன் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருப்பதாகக் குவார்ட்டர்ஸில் பேசிக்கொள்வார்கள். லீலாவதிக்கு அந்த ஆள்தான் நினைவுக்கு வந்தான். நடித்ததோடு நிற்காமல் பொய்ச் சீட்டும் வாங்கி, அது போர்டில் பிடிபட்டால்? பென்ஷன் போய்விடும். மானம் போய்விடும்.

வெள்ளிக்கிழமை அவர் இறங்கியதும், கேஸை அணைத்துவிட்டு, சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அவர் கேட்டுப் பக்கம் போகவில்லை. குவார்ட்டர்ஸின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கும் ரயில் பாதைச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. உடைந்த கமோடுகளும் பழைய கூலர் கூடுகளும் கிடக்கும் இடம். அங்கே போய் நின்று பையிலிருந்து புகிளை எடுத்தார். லீலாவதி தொட்டியின் தூணுக்குப் பின்னால் நின்றாள்.

அவர் ஊதாமல் காத்திருந்தார். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் சரக்கு ரயில் தடதடத்து வந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவர் புகிளை உயர்த்தினார். யாருக்கும் கேட்கக்கூடாது என்றுதான் ரயிலுக்குக் காத்திருந்திருக்கிறார்.

முழங்கை தோள் உயரத்தில், கை நன்றாக மடங்கி, புகிள் தரைக்குச் சமமாக. நேகி வரிசையைச் சரிபார்ப்பதை மனைவிமார்கள் குடியரசு தின ஒத்திகைகளில் பார்த்திருக்கிறார்கள். பிரம்பை ஒவ்வொருவன் முழங்கைக்கும் அடியில் கொடுத்து உயர்த்திக்கொண்டே போவார். எட்டு முழங்கைகளும் கயிறு கட்டியதுபோல ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இராஜமாணிக்கத்தின் கை அப்படித்தான் நின்றது. ஒரு நடுக்கம் இல்லை. முதல் சுரம் சுத்தமாக வந்தது.

லீலாவதி சால்வையை இறுக்கிக்கொண்டாள். பாத்தியா, எல்லாம் நடிப்பு. இவ்வளவு நல்லா ஊதுதாவ.

சரக்கு ரயில் நீளமாக இருந்தது. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. இரண்டு நிமிஷம் இருக்கும். அவருடைய சுண்டுவிரல் புகிளை விட்டு விலகி நின்றது. பிறகு மோதிர விரல். இரண்டும் வேறு யாருடைய விரல்களோ போல அந்தரத்தில் நின்றன. புகிள் சாய்ந்தது. அவர் சட்டென்று இடது கையால் தாங்கிப் பிடித்தார்.

வலது கையை உதறினார். தொடையில் அடித்துக்கொண்டார். சுண்டுவிரலைப் பல்லால் கடித்துப் பார்த்தார். பிறகு புகிளை இடது கைக்கு மாற்றி ஊதிப் பார்த்தார். உதட்டில் அது ஒரு பக்கமாக அழுந்தியது. வந்த சத்தம் கன்றுக்குட்டி கத்துவதுபோல இருந்தது.

கடைசியில் பையிலிருந்து ஒரு பெரிய கைக்குட்டையை எடுத்தார். வலது கையில் புகிளைப் பொருத்தி, கையையும் குழலையும் சேர்த்துச் சுற்றி, ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். சிதறிப்போகிற இரண்டு விரல்களும் உள்ளே கட்டுண்டன. அப்படியே உயர்த்தினார். அடுத்த ரயில் இல்லை. ஊதாமலேயே, வாயில் வைத்தபடி, நேகியின் பிரம்பு அடியில் இருப்பதுபோல முழங்கையை அந்த உயரத்தில் நிறுத்திக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. ஒன்று கட்டப்பட்டிருந்தது, இன்னொன்று விதிப்படி தொடையோடு ஒட்டியிருந்தது.

பார்க்க ஆளில்லாத இடத்தில் ஒருவன் எதற்கு நடிக்கப்போகிறான்?

லீலாவதி வந்த வழியே திரும்பினாள். மூன்று மாடி ஏறி வந்து அடுப்பைப் பற்றவைக்க முடியாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்தில்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சிலிண்டர் தூக்கும்போது கை நீண்டிருந்தது. தோளில் வைத்த பிறகு பாரம் தோளுக்கு. வாளி தூக்கும்போதும் கை நீளம்தான். ஆனால் ஃபோனைக் காதில் வைத்துப் பேசினால் பாதியில் கை மாற்றுகிறார். சவரம் செய்யும்போது இரண்டு முறை ரேசர் விழுந்தது. தலைக்குக் கீழே கையை மடித்துத் தூங்கி எழுந்தால் காலையில் கையை உதறுகிறார். கை மடங்கினால்தான் போகிறது. டாக்டர் மேசைமேல் நீட்டி வைத்தல்லவா பார்த்திருக்கிறார்!

அன்று மாலை அவர் வந்ததும் சொன்னாள். "திங்கக்கெழம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் வாரேன்."

"எதுக்கு? அங்கயும் நாடகம்னு எழுதி வாங்கவா?"

"கொழலையும் எடுத்துக்கிடுங்க."

அவர் அவளை முறைத்தார். "என்னத்துக்கு?"

"எடுத்துக்கிடுங்கன்னா எடுத்துக்கிடுங்க."

திங்கட்கிழமை, நரம்பு டாக்டர் அறைக்கு வெளியே நான்கு மணி நேரம் உட்கார்ந்தார்கள். சுவரில் இந்தியில் ஒரு சீட்டு: நரம்புப் பரிசோதனை மிஷினுக்குத் தேதி நாற்பது நாளைக்குப் பிறகுதான். இராஜமாணிக்கம் அதைப் படித்துவிட்டு எழுந்தார். லீலாவதி சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

டாக்டர் பெயர் ப்ரீதா. இளம் வயது. இவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டதும், "தமிழா? உக்காருங்க, உக்காருங்க" என்றாள். பழைய சீட்டைப் படித்ததும் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "உங்க யூனிட் டாக்டர் ஃபிட்னு எழுதியிருக்காரே. போஸ்டிங் எப்போ?"

அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. இராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருபத்தெட்டாந் தேதி" என்றாள் லீலாவதி. "நீங்க நெனைக்கது எங்களுக்குத் தெரியுதும்மா. நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம். அவுக ஊதுத மாதிரி பிடிச்சு நிக்கட்டும். அஞ்சு நிமிசம். நீங்க பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

"இங்கயா? புகிளா?"

"ஊத மாட்டாவ. பிடிக்க மட்டும்தான்."

டாக்டர் வாசலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "சரி, பிடிங்க."

இராஜமாணிக்கம் எழுந்து நின்றார். குதிகால்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. புகிளை உயர்த்தினார். முழங்கை தோளுக்கு நேராக வந்து நின்றது. ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் இன்னொருவருடைய ஃபைலைப் புரட்டினாள். வெளியே யாரோ நம்பர் கூப்பிட்டார்கள். லீலாவதி, அவர் விரல் விலக வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். எந்தப் பெண்டாட்டி இப்படி வேண்டுவாள் என்றும் தோன்றியது.

இரண்டாவது நிமிஷத்தில் சுண்டுவிரல் விலகியது. டாக்டர் ஃபைலை மூடினாள். மோதிர விரலும் விலகியதும் எழுந்து வந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குண்டூசியால் அந்த விரல்நுனியில் குத்தினாள். அவர் அசையவில்லை. நடுவிரலில் குத்தினாள். "ஸ்ஸ்" என்றார். மறுபடி சுண்டுவிரலில். அவருக்குத் தெரியவேயில்லை. ஒரு துளி ரத்தம் வந்து நின்றது.

"கீழ இறக்குங்க, போதும்" என்றாள். அவருடைய முழங்கையின் உட்புற எலும்புக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் தட்டினாள். அவர் மின்சாரம் பட்டதுபோலத் துள்ளினார். "எத்தனை வருஷமா இந்த ஹைட்ல பிடிக்கறீங்க?"

"இருபத்தினாலு."

"கொஞ்சம் இறக்கிப் பிடிக்கக்கூடாதா? கையைத் தளர்வா வச்சுக்கிட்டு?"

"தனியா ஊதுனா பிடிக்கலாம்மா. வரிசையில நின்னா முடியாது. வரிசை கெட்டுரும்."

டாக்டர் ஃபோனை எடுத்து மிஷின் அறையைக் கூப்பிட்டாள். அன்று பிற்பகலே கையில் ஒயர் வைத்துப் பார்த்தார்கள். முழங்கையில் நரம்பு நசுங்கியிருந்தது. ஆறு மாதம் ஓய்வு, தேவைப்பட்டால் ஆப்பரேஷன், புகிள் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆட்டோவில் திரும்பும்போது சாணக்யபுரியின் அகலமான சாலைகளில் குளிர்காற்று இரண்டு பக்கமும் அடித்தது. லீலாவதி சால்வையின் பாதியை அவர் மேல் போட்டாள்.

"நானும் உங்கள நம்பலங்க" என்றாள்.

"தெரியும்."

"எப்படி?"

"மூணு நாளா விளிம்பு வரைக்கும் காப்பி ஊத்தித் தந்தேல்லா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஒங்க பின்னாடி தொட்டிப் பக்கம் வந்தேன்" என்றாள். அவர் வலது கையை எடுத்து அவள் மடியில் வைத்தார். நீட்டியபடியே வைத்தார்.

டிசம்பர் இரண்டாம் வாரம் போர்டு கூடியது. சத்தீஸ்கர் ரத்து, டெல்லி ஸ்டோரில் வேலை. நினைவு நாளில் ஏழு பேர்தான் ஊதினார்கள். நேகி காகிதத்தைப் படித்துவிட்டு, "மிஷின் சொன்னால் சரிதான்" என்றார். மன்னிப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம், இல்லாமலும் எடுத்துக்கொள்ளலாம். குவார்ட்டர்ஸில் மட்டும் யாரும் மிஷினை நம்பவில்லை. படியில் எதிர்ப்பட்டவர்கள் கண்ணடித்தார்கள். "கமால் கர் தியா, மாணிக்கம் பாய்" என்று, அசத்திவிட்டதாக முதுகில் தட்டினார்கள். மாவு வாங்க வந்த ஒருத்தி, எந்த டாக்டர், எவ்வளவு ஆயிற்று என்று லீலாவதியிடம் ரகசியமாகக் கேட்டாள். லீலாவதி மாவை அளந்து ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இளஞ்செழியன் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இராஜமாணிக்கத்தோடு ஒரே நாளில் படையில் சேர்ந்து, வரிசையில் அவருக்கு அடுத்தவராக நிற்பவர். டெல்லியில் தங்குகிற ஆளாக நேகி வேறொருவனைச் சொல்லிவிட்டார். இளஞ்செழியன் காட்டுக்குப் போக வேண்டும். அவர் மனைவி சுஜாதாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பிள்ளைகள் இல்லை. மாற்றலை நிறுத்தச் சொல்லிப் போட்ட மனு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

லீலாவதி இட்லி வைத்தாள். இளஞ்செழியன் ஒன்றைப் பிட்டு, சட்னியில் தொட்டு, வாயில் வைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத" என்றார். "எப்படிச் செஞ்ச?"

"எத?"

"அதான்... கை. எந்த விரல்ல வலின்னு சொன்ன? எவ்வளவு நேரத்துல விடணும்? எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடு."

இராஜமாணிக்கத்தின் முகம் கறுத்தது. "நான் செய்யல. எனக்கு நரம்பு போயிட்டு."

"சரி சரி, போயிட்டு. நான் யார்ட்ட சொல்லப்போறேன்?"

"ஏவே, நெசமாவே போயிட்டுவே. பக்கத்துல நின்னு ஊதுனவன் நீ. புகிள் விழும்போது பாத்தேல்லா?"

இளஞ்செழியன் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார். "பாத்தேன்" என்றார். "பாத்துட்டுதான்... மாப்ள, அந்த சிலிண்டர் வீடியோவ நேகிக்கு அனுப்பினது நான்தான். மதி போட்டத என் மச்சினன் பொண்ணு காட்டுச்சு. நீ மெடிக்கல்னு சொல்லி அந்த ஒரு எடத்த வாங்கிடுவியோன்னு பயந்துட்டேன். அது எனக்குக் கிடைச்சா சுஜாதாவ விட்டுட்டுப் போக வேணாமேன்னு..."

இராஜமாணிக்கம் எழுந்தார். போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "வெளிய போ" என்றார். குரல் அடங்கி வந்தது. "இருபத்தினாலு வருசம் ஒரே தட்டுல தின்னுருக்கோம். போ."

இளஞ்செழியன் எழுந்தார். கை கழுவக்கூட நிற்காமல் செருப்பைத் தேடினார்.

"கதவச் சாத்துங்க, குளிருது" என்றாள் லீலாவதி.

"இவன் என்ன சொன்னாம்னு கேட்டியா இல்லியா?"

"கேட்டேன். ஒங்கள நம்பலன்னு சொன்னாவ. நானுந்தான் நம்பல. என்னைய எங்க அனுப்புவிய?"

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். லீலாவதி கிரைண்டரை நிறுத்தினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். காப்பி ஊற்றி நீட்டும்போது தனக்கு இருந்த மனசு எது என்று அவளுக்குத் தெரியும். அதைவிட இந்த மனுஷன் செய்தது பெரிதா, சிறிதா என்று நிறுத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. சுஜாதாவின் கையில், ஊசி போட்டுப் போட்டுப் புடைத்துப்போன நரம்புதான் கண்ணில் நின்றது.

"அண்ணாச்சி, உக்காருங்க" என்றாள். "சுண்டு வெரலும் மோதர வெரலும்தான். மத்த மூணு வெரல்ல வலின்னு சொல்லிராதிய. கைய நீட்டுனா வலி இல்லன்னு சொல்லணும். மடக்குனாத்தான் போவுதுன்னு சொல்லணும். குண்டூசி வச்சுக் குத்துவாவ. அசையக்கூடாது."

இளஞ்செழியன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

"லீலா" என்றார் இராஜமாணிக்கம்.

"ஆனா மிஷின் இருக்கு" என்று அவள் தொடர்ந்தாள். குரலில் கொஞ்சம் தயக்கம் வந்தது. "கையில ஒயர் வச்சுப் பாப்பாவ. அதுக்கிட்ட பொய் நிக்காது."

கீழே ரயில் ஒன்று போனது. இராஜமாணிக்கம் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றார்.

"மிஷினுக்குத் தேதி கெடைக்க நாப்பது நாள் ஆவும்" என்றார், யாரையும் பார்க்காமல். "பட்டாலியன் கெளம்ப இன்னும் பதினாலு நாள்தான் இருக்கு. தேதிக்குக் காத்திருக்கவன இங்க விட்டுட்டுத்தான் போவான், ஒரு ஆளுக்காவ லாரிய நிப்பாட்ட மாட்டான். அதுக்குள்ள ஒன் மனு எங்க கெடக்குன்னு தேடிப் பிடிச்சிரலாம்."

அலமாரியைத் திறந்தார். மறுநாள் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டிய புகிள் துணியில் சுற்றியிருந்தது. துணியைப் பிரித்து, இடது கையால் எடுத்து, இளஞ்செழியனின் வலது கையில் வைத்தார். பிறகு அவர் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்து, தோள் உயரத்துக்கு மெல்ல உயர்த்தினார்.

"அசையாம நில்லு" என்றார். "வெரல் எப்ப விலகணும்னு நான் சொல்லுதேன்."